மாஸ்க்கைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், டீச்சர்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். வயது 56, பாடசாலை ஆசிரியை. பகலில் தாங்க முடியாத அசதி, காலையில் தலையிடி, வீட்டில் எல்லோரும் சொல்லிக் காட்டும் குறட்டை. தூக்கப் பரிசோதனை செய்தபோது மணித்தியாலத்துக்கு 34 தடவை மூச்சு தடைப்படுவதாக வந்தது. தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சீபேப் இயந்திரத்தைப் பாவிக்கச் சொல்லி, வைத்தியர் அழுத்தம் 10 என்று எழுதித் தந்தார். கனடாவிலிருக்கும் தம்பி தன் நண்பர் பாவித்த இயந்திரம் ஒன்றை அனுப்பினான். தொலைபேசியில் அவன் சொல்லச் சொல்ல நானே பூட்டிக்கொண்டேன். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். மூன்று கிழமையாகிறது. போட்டவுடன் மூச்சு முட்டுகிறது. இரவு ஒரு மணிபோலக் கழற்றிவிடுகிறேன். சில நாட்களில் கழற்றியதே காலையில்தான் தெரிகிறது. வாய் காய்ந்துபோகிறது, வயிறு ஊதியிருக்கிறது. மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்பு. பிள்ளைகள், “டீச்சர், மூக்கில் என்ன?” என்று கேட்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்க்கிறேன், முடியவில்லை. இதை விட்டுவிட்டுத் தூக்க மாத்திரை போடலாமா?

பதில்:

அன்பின் டீச்சர்,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வைத்தியரைக் கேட்காமல் தூக்க மாத்திரை எதுவும் போடாதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒத்துப்போன மாத்திரையும் வேண்டாம். உங்களுக்குத் தூக்கம் வராமல் இல்லை. தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சு வழி அடைபட்டுப்போகிறது, அதுதான் நோய். சில தூக்க மாத்திரைகள் அந்தத் தசைகளை இன்னும் தளர்த்தும். மூச்சு நின்றவுடன் உங்களைத் தட்டி எழுப்பும் மூளையின் எச்சரிக்கையையும் மழுங்கடிக்கும். மணித்தியாலத்துக்கு 34 தடவை என்றால் ஏழு மணித்தியாலத் தூக்கத்தில் 200 தடவைக்கு மேல். மணித்தியாலத்துக்கு 30 ஐத் தாண்டினாலே கடுமையான நிலை என்றுதான் நாங்கள் வகைப்படுத்துகிறோம். ஆகவே இயந்திரத்தையும் விட வேண்டாம்.

ஆனால் ‘பொறுத்துப் பார்க்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். வீட்டிலும் பாடசாலையிலும் எல்லாவற்றையும் பொறுத்துப் பழகிய பெண்கள் என் கிளினிக்குக்கு வருகிறார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் இயந்திரத்தை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். இந்தச் சிகிச்சையில் பொறுமைக்குப் பரிசு கிடையாது. ஒவ்வொரு வேதனைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, பெரும்பாலானவற்றுக்கு மாற்று வழியும் இருக்கிறது. எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்று சொன்னால்தான் அதைத் திருத்த முடியும். ஆரம்பக் கிழமைகளில் சொல்லிவிடுவது நல்லது. தொடக்கத்தில் எப்படிப் பழகுகிறோமோ, அப்படித்தான் பலருக்குப் பிறகும் நிலைத்துவிடுகிறது.

சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் அவருடன் இருந்தவர்களும் 1981 இல் இந்தச் சிகிச்சையை முதன்முதலாக வெளியிட்டபோது, அதில் இருந்தவர்கள் ஐந்தே நோயாளிகள். அந்த ஆரம்ப காலத்தில் மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் பசை போட்டு மூக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று மென்மையான சிலிக்கன் மெத்தையும், ஒற்றைக் கையால் கழற்றும் கொக்கியும், சத்தமே கேட்காத இயந்திரமும் இருக்கின்றன என்றால், இடையில் வந்த நோயாளிகள் வாய் திறந்து முறைப்பாடு சொன்னதும் அதற்கு ஒரு காரணம். நீங்களும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ‘மூச்சு முட்டுகிறது’ என்பது. இதில் நேர் எதிரான இரண்டு வகை உண்டு. இன்றிரவே கவனித்துப் பாருங்கள். உள்ளே இழுக்கக் காற்றுப் போதவில்லை என்று தோன்றுகிறதா? அல்லது வெளியே விட முடியாதபடி காற்று எதிர்த்துத் தள்ளுகிறதா?

முதலாவது வகை என்றால் ஆரம்ப அழுத்தம் குறைவாக இருக்கலாம். பல இயந்திரங்கள் 4 இல் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும்படி அமைக்கப்பட்டிருக்கும். வளர்ந்த ஒருவருக்கு 4 என்பது பெரும்பாலும் போதாது; துணியால் முகத்தைப் பொத்தியதுபோல இருக்கும். அதை 6 அல்லது 7 இல் தொடங்கும்படி மாற்றியவுடனேயே சிலருக்கு அந்தத் தவிப்பு அடங்கிவிடுகிறது. இரண்டாவது வகை என்றால், நீங்கள் மூச்சை வெளியே விடும் கணத்தில் மட்டும் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தும் வசதி அநேகமான இயந்திரங்களில் இருக்கிறது. அது சில வேளை பூட்டிக் கிடக்கும், திறந்துவிட வேண்டும். படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நீங்கள் கண்ணயர்வதற்குள் 10 க்கு ஏறும்படி நேரம் குறித்து வைக்கவும் முடியும். 10 என்பதைக் கண்டு பயப்படாதீர்கள். அது பத்துச் சென்ரிமீற்றர் நீரின் அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக்கொடுப்பதுபோல அந்தக் காற்று உங்கள் தொண்டையைச் சரியாமல் தாங்கி நிற்கிறது.

இவற்றையெல்லாம் தம்பி தொலைபேசியில் சொல்லிச் செய்ய முடியாது. உங்கள் இயந்திரத்தில் இப்போது இருப்பது உங்கள் வைத்தியர் எழுதிய 10 தானா, அல்லது தம்பியின் நண்பருக்கு வைத்த அழுத்தமா? அதுவே எனக்குச் சந்தேகம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் இயந்திரங்கள் நம் வீடுகளுக்கு நிறைய வருகின்றன. அன்பாக அனுப்புகிறார்கள், விலையும் மிச்சம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாஸ்க், குழாய், வடிகட்டி மூன்றும் புதியவையாக இருக்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூன் மாதத்தில் தன்னுடைய பல மொடல்களை உலகெங்கும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து, துகளாகவும் வாயுவாகவும் மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பதுதான் காரணம். இயந்திரத்தின் அடியில் மொடல் பெயரும் தொடர் இலக்கமும் இருக்கும். அவற்றைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பி, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இந்தக் கிழமையே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் உடனே உங்கள் வைத்தியரிடம் சொல்லி, வேறு ஏற்பாடு கேளுங்கள்.

அடுத்தது மாஸ்க். செலவு செய்வதானால் அதில் செய்யுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். இயந்திரம் எது என்பதைவிட, முகத்தில் இருப்பது எது என்பதுதான் நீங்கள் அதைத் தொடர்ந்து பாவிப்பீர்களா என்பதைத் தீர்மானிக்கிறது. மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கை உங்களுக்கு யாரும் அளந்து தெரிவு செய்யவில்லை. பெட்டிக்குள் வந்ததைப் போட்டிருக்கிறீர்கள். மூக்கால் ஓரளவு நன்றாக மூச்சு விட முடிந்தால், மூக்கை மட்டும் மூடும் சிறியதையோ, மூக்குத் துவாரங்களில் பொருந்தும் மிகச் சிறியதையோ கேட்டுப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி போடலாம், புத்தகம் வாசிக்கலாம், கணவரோடு கதைக்கலாம். காற்றுக் கசிவும் பொதுவாகக் குறையும். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்: உப்புநீரால் கழுவுவது, தேவையானால் வைத்தியர் எழுதித் தரும் மூக்கு ஸ்பிரே. பாமசியில் நேரடியாக வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாட்கணக்கில் விட்டுக்கொண்டே போனால், அதுவே அடைப்பை வளர்த்துவிடும். உடலில் பேஸ்மேக்கரோ உலோகப் பொருத்தோ இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உங்களுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம், வாசிக்கிற வேறு யாருக்காவது பொருந்தும். முகத்தை ஏதாவது மூடியவுடன் நெஞ்சு படபடத்து, வியர்த்து, எழுந்து ஓட வேண்டும்போல வருபவர்கள் இருக்கிறார்கள். பங்கருக்குள் ஒடுங்கிக் கிடந்தவர்கள், கண் கட்டப்பட்டவர்கள், புகைக்குள் அகப்பட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அந்தப் பயம் உடம்பில் தங்கிவிடுகிறது. அவர்களிடம் ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது நியாயமில்லை. வைத்தியரிடம் ஒரு வரி சொன்னால் போதும், முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைத் திறந்து வைக்கும் சிறிய மாஸ்க்கும், தேவைப்பட்டால் உளவளத் துணையும் அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும்.

பழகுவதை இரவில் தொடங்காதீர்கள். அசதியோடு, இருட்டில், படுத்துக்கொண்டு புதிய பொருளோடு மல்லுக்கட்டினால் தோல்விதான் நினைவில் நிற்கும். பின்னேரம் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்த பிறகு, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இயந்திரத்தை ஓடவிட்டு, மாஸ்க்கைக் கையால் மட்டும் முகத்தில் பிடியுங்கள். பட்டியைப் போட வேண்டாம். எந்த நொடியும் எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்தால் மூச்சு தானாக நிதானப்படும். வாயை மூடி, மூக்கால், அவசரமில்லாமல் மூச்சு விடுங்கள். தொலைக்காட்சியில் செய்தி ஓடட்டும். தவிப்பு வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தவிப்பு வந்த பிறகு எடுத்தால் அடுத்த நாள் அதே தவிப்பு முன்கூட்டியே வந்து நிற்கும். கையால் பிடித்து அரை மணி நேரம் இருக்க முடிந்தால் பட்டியைப் போடுங்கள். ஒற்றைக் கையால், கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவதையும் ஒன்றிரண்டு தடவை பயிற்சி செய்யுங்கள். பிறகு சனி, ஞாயிறு மதியங்களில் அதோடு படுத்துப் பாருங்கள். சிலருக்கு ஒரு கிழமை, சிலருக்கு ஒரு மாதம். இரவில் போடுவதை இதற்காக நிறுத்த வேண்டாம், இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.

இரவு ஒரு மணிக்குக் கழற்றுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நித்திரையில் கை தானாகப் போய் இழுத்துவிடுவது ஆரம்பத்தில் மிகச் சாதாரணம். அது உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள். கசிவு, மூக்கடைப்பு, கூடிய அழுத்தம், இவற்றில் ஒன்று உங்களை அரைகுறையாக எழுப்பியிருக்கும். ஆனால் விழித்தபோது, ‘இன்றைக்கு இவ்வளவு போதும்’ என்று அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். கனவு காணும் தூக்கம் இரவின் பிற்பாதியில், விடியலை நெருங்க நெருங்கத்தான் அதிகம் வருகிறது. உடலின் தசைகள் மிக அதிகமாகத் தளர்வதும் அப்போதுதான். ஆகவே அநேகருக்கு மூச்சுத் தடை மிக நீளமாகவும் ஆழமாகவும் வருவது அந்த நேரத்தில். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் கூடுகிறது என்பதோடு, பெண்களுக்குக் கனவுத் தூக்கத்தில்தான் தடைகள் குவிவதும் அதிகம். பத்தரைக்குப் போட்டு ஒரு மணிக்குக் கழற்றினால், பாதுகாப்புக் குறைந்த பாதி இரவை வெறுமையாக விட்டுவிடுகிறீர்கள். காலையில் தலையிடி மாறாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். விழித்தால் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, இயந்திரத்தை நிறுத்தி மறுபடி தொடங்கி, மாஸ்க்கைப் போடுங்கள். அழுத்தம் மீண்டும் அடியிலிருந்து ஏறும்.

வாய் காய்வது, வாய் திறந்து காற்று வெளியேறுவதால். கொழும்பின் ஈரக் காற்றில் ஃபேனுக்குக் கீழே படுப்பவருக்கு, இயந்திரத்தின் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதத் தொட்டி தேவையா என்று பலர் கேட்கிறார்கள். தேவைப்படும், இரவு முழுக்க ஓடும் காற்று மூக்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும், மூக்கு காய்ந்து வீங்கினால் வாய் திறக்கும். நடுத்தர அளவில் தொடங்கி, வறட்சி இருந்தால் கூட்டுங்கள். ஏசி போடும் அறையென்றால் குழாய்க்குள் நீர் கட்டி, கொடகொடவென்று சத்தம் வந்து முகத்தில் தெறிக்கும். அப்போது அளவைக் குறைத்து, இயந்திரத்தைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள். குழாய்க்கு ஒரு துணி உறையும் உதவும். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர். பெற்றோல் ஷெட்டில் விற்கும் பெட்டரித் தண்ணீரை ஊற்றவே வேண்டாம். ஒரு நாள் கைவசம் இல்லையென்றால் கொதித்து ஆறிய நீர் பரவாயில்லை. காலையில் மிச்சத்தைக் கொட்டிக் கழுவிக் காயவிடுங்கள். வாயில் பிளாஸ்டர் ஒட்டச் சொல்லும் காணொளிகளை நம்பிச் செய்யாதீர்கள்.

மூக்குத் தழும்பு பட்டியை இறுக்கியதால் வந்தது. கசிகிறது என்று இறுக்குகிறோம். இறுக்கினால் மெத்தை நசுங்கி இன்னும் கசிகிறது. இப்படிச் செய்யுங்கள்: படுத்துக்கொண்டு, இயந்திரம் ஓடும்போது, எல்லாப் பட்டிகளையும் தளர்த்துங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து, மெத்தை காற்றால் உப்பியவுடன் மெல்ல உட்கார வையுங்கள். பிறகு இரண்டு பக்கமும் சமமாக, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். பட்டிக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒரு விரல் இலகுவாகப் போக வேண்டும். முன்பக்கத் துளைகளிலிருந்து வரும் ‘ஸ்ஸ்’ சத்தம் கசிவல்ல, நீங்கள் விடும் மூச்சு வெளியேறும் வழி. அதை அடைக்கக் கூடாது.

உச்சிக்கொண்டையோடு படுத்தால் பின்பட்டி மேலே ஏறி மாஸ்க் சரியும். படுக்கும்போது பின்னி, பக்கவாட்டில் விடுங்கள். முகத்தில் தேங்காய் எண்ணெயோ கிறீமோ இருந்தால் சிலிக்கன் வழுக்கும். படுக்குமுன் முகம் கழுவித் துடையுங்கள். காலையில் மாஸ்க்கின் சிலிக்கன் மெத்தையை மென்மையான சவர்க்காரமும் வெறும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். கிருமி நீக்கும் திரவங்கள் வேண்டாம்.

வயிறு ஊதுவது, காற்றை விழுங்குவதால். அழுத்தத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் குறையும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, இடப்பக்கம் சரிந்து படுங்கள்.

இயந்திரம் உங்கள் அறையின் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அந்த அறையில் நுளம்புச்சுருள், சாம்பிராணி எதுவும் கொளுத்தாதீர்கள். நுளம்பு வலையைத்தான் நம்ப வேண்டும்: இயந்திரம் வலைக்கு வெளியே ஒரு சின்ன மேசையில், குழாய் மட்டும் மெத்தையின் தலைமாட்டு ஓரத்தால் உள்ளே. கொட்டாஞ்சேனைத் தெருத் தூசிக்கு வடிகட்டி சீக்கிரம் கறுத்துப்போகும், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள். மின்சாரம் போனால் மூச்சு அடைத்துவிடுமோ என்ற பயம் 2022 இன் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட எல்லோருக்கும் இருக்கும். சிறிய மாஸ்க் என்றால் வாயால் மூச்சு விடலாம். பெரிய மாஸ்க்கில் இயந்திரம் நின்றவுடன் வெளிக்காற்றுக்குத் திறக்கும் வால்வு இருக்கிறது. அநேகமாக விழித்துக்கொள்வீர்கள்; விழித்தால் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் படுங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, ‘இவ்வளவு கஷ்டம் தேவையா’ என்ற எண்ணம் உங்களுக்கும் வந்திருக்கலாம். டீச்சர் மூச்சு விடாமல் கிடந்த கணங்களை அவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்த உங்களுக்குத்தான் தெரியும். இரவு ஒரு மணிக்கு மாஸ்க் கழன்று கிடப்பதைக் கண்டால் மெல்லத் தொட்டு எழுப்பி, மீண்டும் போட உதவுங்கள். குறட்டையைச் சொல்லிச் சிரிப்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். பெண்கள் குறட்டை விடுவதை வெட்கமாக்கி வைத்திருப்பதால்தான் எத்தனையோ பேர் அதை வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லாமல், வயதாகிறது, வேலை கூட என்று வருடக்கணக்கில் அசதியைச் சுமக்கிறார்கள்.

டீச்சர், அடுத்த கிளினிக்குக்கு இயந்திரத்தை மின்கம்பி, குழாய், மாஸ்க்கோடு அப்படியே கொண்டுபோங்கள். உங்களுக்குப் பரிசோதனை செய்த வைத்தியரிடமே போவது நல்லது. அரச வைத்தியசாலைதான் வசதி என்றால், கொழும்பு தேசிய வைத்தியசாலையிலோ வெலிசறையிலுள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலையிலோ சுவாச நோய்ப் பிரிவில் கேளுங்கள். எத்தனை மணித்தியாலம் போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது எல்லாம் இயந்திரத்தில் பதிவாகியிருக்கும். அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் 10 தானா என்று கேளுங்கள். படுத்த நிலையில் வேறு இரண்டு மாஸ்க்காவது போட்டுப் பார்க்கக் கேளுங்கள். ஒன்றையும் மாற்றாமல் ‘பழகிவிடும்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், தயங்காமல் இன்னொருவரிடம் போங்கள்.

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் முடியவில்லை என்றால், கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் பல் கருவி போன்ற வேறு வழிகளும் உண்டு. 34 என்ற எண்ணிக்கைக்கு அவை இரண்டாவது தெரிவுதான், ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல். மூக்குத் தழும்பு புண்ணாகித் தோல் உரிந்தாலோ, மூக்கால் இரத்தம் வந்தாலோ, காது வலித்தாலோ, காலையில் கண் சிவந்து எரிந்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே போய்க் காட்டுங்கள்.